ஐம்பது, அறுபது வயதுக் கட்டடங்கள்: பார்க்கவும் காக்கவும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கட்டடங்களுக்கு ஆபத்தான வயது என்று ஒன்று உண்டு. நாற்பதில் ஆரம்பித்து எண்பது வரை போகும். கோயிலுக்கும் கோட்டைக்கும் தொல்லியல் துறை இருக்கிறது. உயர் நீதிமன்றம், எழும்பூர் ரயில் நிலையம் போன்ற செங்கல் கோபுரங்களுக்கு ரசிகர் கூட்டம் இருக்கிறது. 1930க்கும் 1980க்கும் நடுவில் சிமென்டிலும் கம்பியிலும் எழுந்தவற்றுக்குத்தான் கேட்பாரில்லை. வாடகைக்கு விடப் பழசு, பாரம்பரியம் என்று சொல்லப் புதுசு.

டெல்லி பிரகதி மைதானில் இருந்த ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ இப்படித்தான் போனது. 1972 வர்த்தகக் கண்காட்சிக்காக ராஜ் ரேவல் வடிவமைத்து, பொறியாளர் மகேந்திர ராஜ் கணக்குப் போட்டுக் கொடுத்த மண்டபம் அது. உள்ளே ஒரு தூண்கூட இல்லாமல் 78 மீட்டர் அகலம். எஃகு தட்டுப்பாடான காலம் என்பதால், மற்ற நாடுகளில் எஃகுக் குழாயில் செய்யும் முக்கோணப் பின்னலை இங்கே கான்கிரீட்டில், கையாலேயே வார்த்தார்கள். 60 வயது ஆகாத கட்டடத்தைப் பரிசீலிக்க முடியாது என்று டெல்லியின் பாரம்பரியக் குழு கைவிரித்துவிட்டது. 2017 ஏப்ரலில் ஓர் இரவில் இடித்தார்கள். அப்போது அதற்கு வயது 45.

ஆகவே அரசாங்கம் வந்து பலகை மாட்டும் வரை காத்திருப்பது வீண். அதற்கு முன்பே பார்த்து, எழுதி, வரைந்து, ஒழுகாமல் வைத்துக்கொள்ள வேண்டும். இதற்குக் கட்டடக்கலை படித்திருக்க வேண்டியதில்லை. சென்னையை வைத்தே சொல்கிறேன். மதுரை, கோவை, காரைக்குடி எங்கும் இதே முறை செல்லும்.

1. முதலில் ஒரு தெருவைப் பிடியுங்கள்

ஊர் முழுக்க ஒரேயடியாகப் பார்க்கக் கிளம்பாதீர்கள். ஒரே தெருவைத் திரும்பத் திரும்ப நடப்பதில்தான் கண் பழகும். ஆரம்பிக்க நல்ல இடம் பாரிமுனை. ஞாயிறு காலையில் போனால் நடைபாதைக் கடைகளும் பஸ்களும் மறைக்காமல் முகப்புகள் முழுசாகத் தெரியும். முனையிலேயே, பாரி கம்பெனியின் அலுவலகமாக 1940இல் முடிந்த டேர் ஹவுஸ் நிற்கிறது. என்.எஸ்.சி. போஸ் சாலையிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் பழைய இன்சூரன்ஸ் கம்பெனிகளின் கட்டடங்களைப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நம்பிக்கைதான் முதலீடு. மூலையில் உயரமாக, நவீனமாக ஒரு கட்டடம் இருந்தால் பாலிசி விற்கும். வளைவும் நேர்கோடுமாக 1930களில் நவீனம் என்று கொண்டாடிய பாணிக்கு ஆர்ட் டெகோ என்று பெயர். சென்னைக்கு அது பெரும்பாலும் இப்படி வந்ததுதான். எல்.எம். சித்தாலே என்ற கட்டடக்கலைஞரின் பெயரை நினைவில் வையுங்கள். இந்தப் பகுதியில் அடிக்கடி எதிர்ப்படுவார்.

அப்புறம் மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம். லண்டனைச் சேர்ந்த பிரவுன், மோலின் இருவரும் வடிவமைத்து வேலையைத் தொடங்கினார்கள். அவர்கள் பாதியில் விலக, முடித்துக் கொடுத்தவர் இதே சித்தாலே. 1959இல் திறந்தபோது 177 அடி. இந்தியாவிலேயே உயரமான கட்டடம். கிராமத்துக் கதாநாயகன் பட்டணத்துக்கு வந்துவிட்டான் என்று காட்ட, சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அடுத்தபடி தமிழ் சினிமாவுக்கு இது ஒரு ஷாட் போதுமாக இருந்தது. 1975இல் பெரும் தீ விபத்தைக் கண்டும் நிற்கிறது. என்னைக் கேட்டால் அப்படியொன்றும் அழகான கட்டடம் இல்லை. ஆனால் ஒரு கட்டடம் முக்கியமாக இருக்க அழகாக இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டால் பிறகு சுலபம்.

பெரிய கட்டடங்கள் பழகியதும் உங்கள் பேட்டைக்குத் திரும்புங்கள். தி.நகர், மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் இன்னும் மிச்சமிருக்கும் தனி வீடுகளில் என்ன தேட வேண்டும்? வளைந்து திரும்பும் பால்கனி. அதைச் சுற்றி ஓடும் மூன்று இணைகோடுகள். ஜன்னலுக்கு மேல் புருவம் மாதிரி நீண்டு, மூலையில் மடங்கிப் போகும் சன்ஷேடு. கப்பலில் இருப்பதுபோல் வட்ட ஜன்னல். கேட்டிலும் கிரில்லிலும் உதயசூரியன். மாடிப்படி இருக்கும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே பட்டையாகக் கண்ணாடி. இதெல்லாம் ஏறக்குறைய 1955 வரை. அதற்குப் பிறகு வந்தவை அலங்காரத்தைக் குறைத்துக்கொண்டன. செங்குத்தான நிழல் பலகைகள், ஓட்டை ஓட்டையான சிமென்ட் ஜாலிகள், மெல்லிய தட்டைத் தளங்கள் என்று இருக்கும்.

2. என்ன பாணி என்று கேட்காதீர்கள்

பாணியின் பெயரைக் கண்டுபிடித்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுவோம். அதனால் வேறு கேள்விகளோடு நில்லுங்கள். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, அதற்கு இந்தக் கட்டடம் என்ன செய்திருக்கிறது? மழைத்தண்ணீர் மொட்டை மாடியிலிருந்து தரைக்கு எந்த வழியில் இறங்குகிறது? பாரம் சுவரிலா, தூணிலா? காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறும்? கையும் காலும் படும் இடங்களில், அதாவது படிக்கட்டுக் கைப்பிடி, தாழ்ப்பாள், தரை இவற்றில், யாராவது யோசித்திருக்கிறார்களா?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே கட்டடத்தில் பதில் வேண்டுமென்றால் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்ட்’ விடுதிக்குப் போக வேண்டும். ஐதராபாத் நிஜாமின் திவான் அக்பர் ஹைதரி வழியாக வந்த நிதியில் கட்டியதால், அந்த ஊர்க் கோல்கொண்டாவின் பெயர். செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் தொழில் நடத்திய அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தார். தளத்தில் நின்று வேலை பார்த்தவர்கள் ஜார்ஜ் நகாஷிமாவும் பிரான்டிசெக் சம்மரும். நகாஷிமா பின்னால் அமெரிக்காவில் மரச்சாமான்களுக்காகப் பெரும் புகழ் பெற்றார். 1937 வாக்கில் தொடங்கி 1940களில் முடிந்த இது, இந்தியாவின் மிகப் பழைய கான்கிரீட் நவீனக் கட்டடங்களில் ஒன்று.

அதன் நீண்ட முகங்களில் கண்ணாடி ஜன்னல் கிடையாது. தரையிலிருந்து கூரை வரை கிடைமட்டப் பலகைகள்தான், திருப்பித் திருப்பி அளவு வைத்துக்கொள்ளும் வகையில். வெயில் ஏறினால் சாய்த்துவிடலாம், காற்று வந்துகொண்டே இருக்கும். அறைக்கும் நடைக்கும் இடையே தேக்குச் சட்டங்களாலான தள்ளுகதவு. சாத்தினாலும் சட்டங்களின் இடுக்கில் காற்று ஊடுருவும், உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். கூரையிலும் இரண்டு அடுக்கு: கீழே தளம், அதன் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், நடுவில் காற்று. புதுச்சேரி மே மாதத்தை மின்சாரமில்லாமல் சமாளிக்க இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். இன்றைக்கும் ஆசிரமவாசிகள் தங்கும் இடம் என்பதால் உள்ளே போக ஆசிரமத்தின் அனுமதி வேண்டும். தெருவில் நின்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும்.

கோல்கொண்டிடமிருந்து கற்க வேண்டிய பெரிய பாடம் பராமரிப்பு. கட்டிய நாளிலிருந்து அங்கே துடைப்பதும் எண்ணெய் போடுவதும் சிறு ரிப்பேரை உடனே பார்ப்பதும் தினசரி வேலை. கட்டடம் புதிது போலவே இருப்பதற்கு வேறு ரகசியம் எதுவுமில்லை.

3. பெயரும் தேதியும்

கைப்பிடிச் சுவரின் உச்சியைப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஆண்டைச் சிமென்டிலேயே எழுதிவிடுவார்கள். கேட் கிரில்லில் வீட்டுக்காரரின் பெயரின் முதல் எழுத்துகள் இருக்கும். அடிக்கல் இருந்தால் அதில் திறந்தவர் பெயர் பெரிதாகவும் கட்டடக்கலைஞர் பெயர் கடைசி வரியில் சின்னதாகவும் இருக்கும். படமெடுக்கும்போது கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வீட்டுக்காரர் பீரோவில் மூலப்பத்திரத்தோடு பழைய புளூபிரிண்ட் சுருண்டு கிடக்க வாய்ப்புண்டு. அதைவிட நல்ல ஆவணம் இல்லை. நிழலில் விரித்துப் படமெடுங்கள், ஏனென்றால் வெயில் பட்டால் அந்த நீலம் வெளுக்கும். தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலும் எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலும் பழைய பத்திரிகைகள் உண்டு. கட்டுரைகளை மட்டும் பார்க்காமல் விளம்பரங்களையும் புரட்டுங்கள். சிமென்ட் கம்பெனி விளம்பரங்களில் அன்றைய புதுக் கட்டடங்களின் படங்கள் வரும்.

4. பதிவு செய்யுங்கள்

ஹால் ஆஃப் நேஷன்ஸ் போய்விட்டாலும் அதன் வரைபடங்களும் மாதிரிகளும் இருக்கின்றன. அதனால்தான் இன்றும் மாணவர்கள் அதைப் படிக்க முடிகிறது. சென்னையின் பல தியேட்டர்களுக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை.

அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். அரசு அலுவலகம், வங்கி, கோர்ட் என்றால் காவலாளி தடுப்பார். அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். வீடென்றால் எதற்கு என்று நேராகச் சொல்லிவிடுங்கள். புரோக்கரோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும். எடுத்த படத்தில் ஒரு பிரிண்ட் போட்டுத் தருவதாகச் சொன்னால் காபியே வந்துவிடும்.

படங்களை ஒரு வரிசையில் எடுங்கள். எதிர்ச் சாரியிலிருந்து முழு முகப்பு, கேமராவைச் சாய்க்காமல். பிறகு மூலைகள், நுழைவாயில், படிக்கட்டு, தரை, கிரில், மொட்டை மாடி. கடைசியில் விரிசல், ஈரம், பெயர்ந்த இடங்கள். அழகான படம் எடுப்பவர்கள் இந்தக் கடைசியை விட்டுவிடுகிறார்கள். நாளைக்கு ரிப்பேர் செய்பவருக்கு அதுதான் வேண்டும். விரிசலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுத்தால் அடுத்த வருஷம் வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிடலாம்.

அளவெடுக்க டேப்பும் வரைதாளும் போதும். 1:100 அளவில், அதாவது ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று, ஒரு தரைப்படம், ஒரு முகப்பு. கோடு கொஞ்சம் கோணினாலும் எண்கள் சரியாக இருக்கட்டும். அதோடு அரைப்பக்கம் எழுதி வையுங்கள்: எப்போது, யாருக்காக, யார் கட்டியது, இதில் எது போனால் இந்தக் கட்டடமே போன மாதிரி. அந்தக் கடைசிக் கேள்விக்கான பதில்தான் முக்கியம். ஒரு வீட்டுக்கு அது படிக்கட்டாக இருக்கும், இன்னொன்றுக்கு முன்வாசல் வேப்பமரத்தோடு சேர்ந்த திண்ணையாக இருக்கும்.

5. உங்கள் வீடே அப்படி ஒன்றென்றால்

இந்தக் காலக் கட்டடங்களைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். புது கான்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது. அந்தக் காரம் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருஷக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கும். அந்தக் குறைவு கம்பி வரை எட்டிவிட்டால், பிறகு கொஞ்சம் ஈரம் போதும், துரு ஆரம்பித்துவிடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். உள்ளே இடமில்லாததால் கான்கிரீட்டை வெளியே தள்ளும். கடலோரத்தில் உப்புக்காற்று இந்த வேலையை இன்னும் வேகப்படுத்துகிறது.

இதை உங்கள் வீட்டுச் சன்ஷேடிலேயே பார்க்கலாம். அடிப்பக்கத்தில், கம்பி ஓடும் திசையிலேயே முடி போல ஒரு விரிசல். அதன் ஓரத்தில் டீக்கறை மாதிரி பழுப்புக் கோடு. சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் ‘டங்’ என்னும், பிரிந்த இடம் பொத்தையாகச் சத்தம் போடும். சற்று மேலே பார்த்தால் ஏ.சி. மெஷினின் டியூபிலிருந்து சொட்டும் தண்ணீர் அதே இடத்தில் விழுந்துகொண்டிருக்கும். பல வீடுகளில் நோயும் காரணமும் இப்படி ஒரே சட்டத்தில் தெரியும். டியூபை நீட்டிச் சாக்கடை வரை கொண்டுபோக ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

பெயர்ந்த இடத்தில் சிமென்ட் அப்பிப் பெயின்ட் அடிப்பதுதான் வழக்கமான ரிப்பேர். அது துருவை மூடி வைப்பது. அடுத்த மழைக்கு அடுத்த பக்கம் பெயரும். சரியான முறையில், தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுக்க வேண்டும். கம்பியைத் தேய்த்துத் துருவை நீக்கி, ரொம்ப மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, அதற்கென்றே உள்ள கலவையால் நிரப்ப வேண்டும். எவ்வளவு ஆழம் கெட்டிருக்கிறது என்று பார்க்கப் பள்ளிக்கூட ஆய்வகத்துப் பினாப்தலீனே போதும். புதிதாக உடைத்த பரப்பில் தெளித்தால் நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும், காரம் போன பகுதி நிறம் மாறாது. உத்தரத்திலோ தூணிலோ இந்த நிலை என்றால் மேஸ்திரியோடு நிறுத்தாமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். “மொத்தமா இடிச்சுக் கட்டிரலாம் சார்” என்று வாசலில் நின்றபடியே சொல்பவர் வேண்டாம். தட்டிப் பார்த்து, வரைபடத்தில் குறித்துக் காட்டுபவரைத் தேடுங்கள்.

மொட்டை மாடி அடுத்த இடம். ஐப்பசி மழைக்கு முன் குழாய் வாய்களில் அடைத்திருக்கும் இலைகளை எடுங்கள். கைப்பிடிச் சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் இலையை மட்டும் கிள்ளாமல் வேரோடு எடுக்க வேண்டும். பழைய தளங்களில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கட்டையால் அடித்து, மேலே தட்டை ஓடுகளைப் பதித்திருப்பார்கள். ஒழுகினால் அதற்கு மேலேயே இன்னொரு அடுக்குச் சிமென்ட் போடுவது பழக்கமாகிவிட்டது. ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்குப் போட்டால் சதுர மீட்டருக்கு நூறு கிலோ கூடுகிறது. இப்படி இரண்டு மூன்று தடவை போட்ட தளங்களைப் பார்த்திருக்கிறேன். ஒழுகல் நிற்கவில்லை, உத்தரம் தொய்ந்ததுதான் மிச்சம். கெட்ட அடுக்கை எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும்.

மொசைக் தரையைப் பாலிஷ் போட்டால் போதும், மேலே டைல்ஸ் ஒட்டாதீர்கள். மெல்லிய இரும்புச் சட்ட ஜன்னல்களை எடுத்துவிட்டுத் தடித்த யு.பி.வி.சி. வைத்தால் முகப்பின் முகமே மாறிவிடும். பெரும்பாலானவற்றுக்குத் துருவெடுத்துக் கீல் மாற்றினாலே போதுமானது. சமையலறை, குளியலறை, வயரிங் இவற்றைத் தாராளமாக மாற்றுங்கள். வசதியில்லாத வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள், யாரும் இல்லாத வீடு சீக்கிரம் விழும்.

6. சட்டம்

மத்தியத் தொல்லியல் சட்டம் 1958ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன்படி நினைவுச்சின்னம் என்று அறிவிக்க 100 வயதாவது ஆகியிருக்க வேண்டும், எனவே நமக்கு உதவாது. சென்னைப் பெருநகருக்கு, பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் பாரம்பரியக் காப்புக் குழு இருக்கிறது. மவுண்ட் ரோடு பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கியபோது, பாரம்பரியத்தைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2010இல் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பு இடிப்பைத் தடுத்ததோடு இந்தக் குழுவுக்கும் வழி செய்தது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வர அதற்குமேல் பத்து வருஷம் தாண்டிவிட்டது. உங்கள் கட்டடம் எந்தப் பட்டியலிலாவது இருக்கிறதா என்று பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டுக் கேட்கலாம்.

‘இது பழசே இல்லையே’ என்று யாராவது வாதம் செய்தால் யுனெஸ்கோவைக் காட்டுங்கள். அங்கே வயது வரம்பு இல்லை. 1973இல் திறந்த சிட்னி ஆபரா ஹவுஸ் 2007லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டது. சண்டிகரில் கட்டடக்கலைஞர் லெ கொர்புசியேயின் கேபிடல் காம்ப்ளெக்ஸ் 2016இல் ஏறியது. மும்பையின் ஆர்ட் டெகோ வரிசை, பக்கத்து விக்டோரியக் கட்டடங்களோடு சேர்த்து, 2018இல் ஏறியது.

7. இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால்

அகமதாபாத் ஐ.ஐ.எம். வளாகத்தில் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் லூயி கான் கட்டிய மாணவர் விடுதிகளில் பெரும்பகுதியை இடித்துக் கட்டப் போவதாக 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. உலகெங்கிலுமிருந்து கடிதங்கள் குவிய, 2021 ஜனவரி முதல் தேதியே அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் 2022இல் பேச்சு மறுபடி கிளம்பியது. எதிர்ப்பு அவகாசம்தான் வாங்கித் தரும். அந்த அவகாசத்துக்குள் வேறொரு திட்டத்தைக் கையில் கொடுக்க வேண்டும். அதே வளாகத்து நூலகத்தை அதற்கு முன்பே சீரமைத்துக் காட்டியிருந்தார்கள். அதற்கு 2019இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதும் கிடைத்தது.

தனி வீடென்றால் வீட்டுக்காரரைக் குற்றவாளியாக்காதீர்கள். நான்கு பிள்ளைகளுக்குப் பங்கு, பில்டர் ஜாயிண்ட் வென்ச்சருக்கு நிற்கிறார், கிரவுண்டு விலை கோடிகளில். அவரிடம் ‘பாரம்பரியம்’ என்று பேசினால் எரிச்சல்தான் வரும். முன்பக்கத்தை வைத்துக்கொண்டு பின்னால் உயரமாகக் கட்ட இடமிருக்கிறதா, கிளினிக்குக்கோ கஃபேக்கோ அலுவலகத்துக்கோ விட்டால் என்ன வாடகை வரும் என்று கணக்கோடு போங்கள். மதுரை கொச்சடையில் இலங்கையின் ஜெஃப்ரி பாவா ஒரு மில் கம்பெனிக்காக வடிவமைத்த கிளப் இன்று ஹோட்டலாக ஓடுகிறது. சம்பாதிக்கும் கட்டடத்தை யாரும் அவசரப்பட்டு இடிப்பதில்லை.

பொதுக் கட்டடமென்றால் இன்டாக்கின் ஊர்க்கிளை, நவீனக் கட்டடங்களுக்கென்றே உள்ள டோகோமோமோ இந்தியா, பக்கத்துக் கட்டடக்கலைக் கல்லூரி மூன்றுக்கும் ஒரே நாளில் எழுதுங்கள். நீங்கள் முன்பே தயாரித்த அரைப்பக்கமும் வரைபடமும் படங்களும் இங்கேதான் உதவும். டெண்டர் வந்த பிறகு அளவெடுக்க உள்ளே விடமாட்டார்கள்.

எதுவும் பலிக்காவிட்டால், இடிப்பவர் வருவதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேட்டு கேட், கிரில், ஜன்னல், ஒரு சதுர அடி மொசைக் இவற்றையாவது வாங்கிக்கொள்ளுங்கள். எது எந்தச் சுவரில், எந்த உயரத்தில் இருந்தது என்று சீட்டு ஒட்டுங்கள். சீட்டில்லாத கிரில்லுக்கும் காயலான் கடை இரும்புக்கும் வித்தியாசமில்லை. படங்களையும் வரைபடங்களையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் மட்டும் வைக்காமல், ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்துக்கும் இன்னொன்றை அந்தக் குடும்பத்துக்கும் கொடுத்துவிடுங்கள்.